பாங்கு நேரத்தை வைத்து நாளைத் திட்டமிடுங்கள்: துருக்கியின் பழைய ஊர்களுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

துருக்கிப் பயணம் என்று விசாரித்தால் பெரும்பாலும் கையில் கிடைப்பது ஒரே மாதிரியான அட்டவணைதான். 8 நாளில் இஸ்தான்புல், அங்காரா, கப்படோக்கியா, பமுக்கலே, எபேசஸ், அன்தாலியா. காலையில் பெட்டியைக் கட்ட வேண்டும், இரவு வேறு ஊரில் அவிழ்க்க வேண்டும். இப்படிப் போய்வந்தால் படங்கள் நிறைய இருக்கும், ஊர் எதுவும் மனதில் நிற்காது. முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது இஸ்தான்புல், புர்சா, கோன்யா, கப்படோக்கியா என்ற நான்கு இடங்கள் மட்டும். மொத்தம் 11 இரவுகள்: இஸ்தான்புல்லில் 4, புர்சாவிலும் கோன்யாவிலும் தலா 2, கப்படோக்கியாவில் 3. இடையில் தரைவழிப் பயணம், திரும்பும்போது மட்டும் விமானம். ஒட்டோமான்களின் இரண்டு தலைநகர்கள், அவர்களுக்கு முன் ஆண்ட செல்ஜுக் சுல்தான்களின் ஒரு தலைநகர், பாறைக்குள் குடைந்த தேவாலயங்கள் என்று ஆயிரத்தைந்நூறு ஆண்டு வரலாறு இந்த ஒரு கோட்டிலேயே கிடைத்துவிடும்.

கிளம்பும் முன்

முதல் வேலை விசா. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களிடம் செல்லுபடியாகும் அமெரிக்க, பிரிட்டன், அயர்லாந்து அல்லது ஷெங்கன் விசாவோ குடியிருப்பு அனுமதியோ இருந்தால் இ-விசா எடுக்கலாம். அவை இல்லையென்றால் கடவுச்சீட்டில் ஒட்டும் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும், எனவே விமானச் சீட்டு எடுக்கும் முன்பே தொடங்கிவிடுங்கள். மலேசிய, சிங்கப்பூர்க் கடவுச்சீட்டுக்காரர்களுக்குச் சுற்றுலாவுக்கு விசா தேவையில்லை. மற்ற நாட்டவர்கள் துருக்கி அரசின் இ-விசா தளத்தில் தங்கள் நாட்டைத் தேர்வு செய்து விதியைப் பார்த்துக்கொள்ளலாம். அந்தத் தளத்தைப் போலவே தோற்றமளித்து இரட்டிப்புப் பணம் வாங்கும் தனியார் தளங்கள் நிறைய உண்டு. முகவரியில் துருக்கி அரசின் தளம்தானா என்று பார்த்துவிட்டே அட்டை எண்ணைத் தட்டுங்கள்.

மாதம் என்று கேட்டால் ஏப்ரல், மே அல்லது செப்டம்பர், அக்டோபர். கோன்யாவும் கப்படோக்கியாவும் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் பீடபூமி. வசந்தகாலத்தில்கூட அதிகாலையில் கம்பளிச் சட்டை வேண்டும். குளிர்காலத்தில் பனி விழும். ரமலானில் போனால் இரவுகள் அருமையாக இருக்கும். ஆனால் கோன்யா போன்ற ஊரில் பகலில் சாப்பாட்டுக் கடை தேடுவது சிரமம். இரண்டு பெருநாள் விடுமுறைகளிலும் ஊரே சொந்த ஊருக்குக் கிளம்பும். பேருந்து, ரயில் எதிலும் இடம் கிடைக்காது. அந்த வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

பணத்தை டாலராகவோ யூரோவாகவோ கொண்டுபோய்க் கொஞ்சம் கொஞ்சமாக லிராவாக மாற்றுங்கள். அங்கே விலைவாசி வேகமாக ஏறுவதால், போன வருடம் போய்வந்தவர் சொல்லும் லிராக் கணக்கு இன்று உதவாது. தொல்லியல் தளங்கள் நிறையப் பார்க்கப்போகிறவர்களுக்கு, முதல் உபயோகத்திலிருந்து 15 நாள் செல்லும் துருக்கி மியூசியம் பாஸ் லாபமாக இருக்கலாம். நீங்கள் போகும் இடங்களின் கட்டணங்களைக் கூட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். இஸ்தான்புல்லின் புகழ்பெற்ற பள்ளிவாசலான ஆயா சோஃபியா அதில் சேராது.

நாளின் கணக்கு

இந்தப் பயணத்தில் கடிகாரத்தைவிட முக்கியம் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு நேரம். நீங்கள் பார்க்கப்போகும் கட்டடங்களில் பாதி இன்றும் ஐவேளைத் தொழுகை நடக்கும் பள்ளிவாசல்கள். பாங்கு சொல்வதற்குச் சற்று முன்பிருந்து தொழுகை முடியும் வரை பெரிய பள்ளிகளில் பார்வையாளர்களை உள்ளே விடமாட்டார்கள். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை என்றால் பிற்பகல் வரை காத்திருக்க வேண்டியதுதான். இது தெரியாமல் லுஹர் எனப்படும் நண்பகல் தொழுகை நேரத்தில் போய் வெயிலில் வரிசையில் நிற்பவர்களைத் தினமும் பார்க்கலாம்.

அதனால் முந்தைய இரவே மறுநாளின் தொழுகை நேரங்களைக் கைப்பேசியில் பாருங்கள். காலையில் பள்ளிவாசல், லுஹர் வேளையில் சாப்பாடு, அதன்பின் அருங்காட்சியகமோ சந்தையோ, அஸர் எனப்படும் பிற்பகல் தொழுகை முடிந்ததும் இன்னொரு பள்ளிவாசல் என்று வைத்துக்கொண்டால் எங்கும் கால் கடுக்காது. கோடையில் பகல் நீளும்போது லுஹர் ஒரு மணியையும் தாண்டித்தான் வரும். குளிர்காலத்தில் எல்லா வேளைகளும் நெருங்கி வரும். முஸ்லிம் வாசகர்கள் தொழுகைக்கே உள்ளே போகலாம். பெண்களுக்குத் தனி இடம் பெரும்பாலும் பின்பக்கமோ மாடியிலோ இருக்கும்.

உடை விஷயத்தில் சொல்ல அதிகமில்லை. முழங்காலும் தோளும் மறைய வேண்டும், பெண்கள் தலையை மூட ஒரு துப்பட்டா போதும், செருப்பை வாசலில் கழற்றிக் கையிலோ அலமாரியிலோ வைக்க வேண்டும். தொழுதுகொண்டிருப்பவருக்கு நேர் முன்னால் குறுக்கே நடக்காதீர்கள், படமும் எடுக்காதீர்கள். கம்பளத்தில் ஓரமாக உட்கார்ந்து குவிமாடத்தைப் பார்த்துக்கொண்டிருக்க யாரும் தடை சொல்வதில்லை. பத்து நிமிடமாவது அப்படி உட்காருங்கள்.

இஸ்தான்புல்: 4 இரவுகள்

விமான நிலையத்திலிருந்தே மெட்ரோ உண்டு. இஸ்தான்புல்கார்ட் என்ற அட்டையை வாங்கிப் பணம் ஏற்றிக்கொண்டால் மெட்ரோ, டிராம், படகு, கடலுக்கு அடியில் ஓடும் மர்மராய் ரயில் எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும்.

ஆயா சோஃபியாவை 537இல் பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியன் கட்டி முடித்தார். 1453இல் அது பள்ளிவாசலாயிற்று, 1930களில் அருங்காட்சியகம், 2020 ஜூலையில் மீண்டும் பள்ளிவாசல். 2024 தொடக்கத்திலிருந்து வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்கு 25 யூரோ கட்டணம், அதுவும் மேல்மாடத்துக்கு மட்டும். தரைத்தளம் தொழ வருகிறவர்களுக்கு. விலை அதிகம்தான். ஆனாலும் மேல்மாடத்தில் இருக்கும் 13ஆம் நூற்றாண்டு மொசைக்கின் முன் நின்றால் கொடுத்த பணம் மறந்துபோகும். கீழ்ப்பாதி உதிர்ந்துபோன சுவரில் இயேசுவின் முகமும், அவருக்கு இருபக்கமும் சாய்ந்து மன்றாடும் மரியாள், யோவானின் முகங்களும் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. பக்கவாட்டு ஜன்னல் வெளிச்சத்தில் அந்தச் சிறு கற்கள் ஒவ்வொன்றாகத் தெரியும். அதே மாடத்தின் பளிங்குக் கைப்பிடிச் சுவரில் வைக்கிங் வீரர் ஒருவர் கீறிவிட்டுப் போன எழுத்துகளும் உண்டு. குவிமாடத்தில் பழுதுபார்க்கும் வேலை நடப்பதால் சாரம் கட்டியிருக்கலாம், அதை எதிர்பார்த்தே போங்கள்.

எதிரே இருக்கும் ஆறு மினாராக்கள் கொண்ட சுல்தான் அகமது பள்ளியைத்தான் நீலப் பள்ளிவாசல் என்கிறார்கள். அனுமதி இலவசம், கூட்டமும் அதிகம். எனக்குப் பிடித்தது சற்றுத் தள்ளி மேட்டில் இருக்கும் சுலைமானியா. கட்டடக் கலைஞர் சினான் 1557இல் முடித்தது. உள்ளே அலங்காரம் குறைவு, வெளிச்சமும் இடைவெளியும்தான் அழகு. பின்புறம் சுல்தான் சுலைமான், அவர் மனைவி ஹுர்ரம் ஆகியோரின் கல்லறைகள். வெளிச்சுவரை ஒட்டிய தெருமுனையில் சினானின் சிறிய கல்லறை. பள்ளிக்கு எதிரே வரிசையாக இருக்கும் கடைகளில் வெள்ளை மொச்சையைத் தக்காளியோடு வேகவைத்துச் சோற்றோடு தருவார்கள், பெயர் குரு ஃபசூல்யே. சில கடைகளில் இறைச்சி சேர்ப்பதுண்டு, கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு காலையை எயுப் சுல்தானுக்கு ஒதுக்குங்கள். நபித்தோழர் அபூ அய்யூப் அல்அன்சாரி அடங்கியிருக்கும் இடம் அது. சுற்றுலாப் பயணிகளைவிட உள்ளூர் மக்கள் அதிகம். சுன்னத் செய்யவிருக்கும் சிறுவர்களை வெள்ளைச் சட்டை, மேலங்கி, கிரீடம் எல்லாம் போட்டு இளவரசன்போலக் கூட்டிவருவார்கள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அடக்கத்தலத்தைத் தரிசிக்கும் ஜியாரத்துக்கு வரிசையில் நிற்கும் அந்தப் பிள்ளைகளின் முகத்தில் பெருமையும் கலக்கமும் ஒன்றாகத் தெரியும்.

போஸ்போரஸ் நீரிணையைப் பார்க்கத் தனிச் சுற்றுலாப் படகு வேண்டாம். எமினோனுவிலிருந்து உஸ்குதாருக்கோ கதிகோய்க்கோ போகும் சாதாரணப் பயணிகள் படகில் அட்டையைத் தட்டி ஏறுங்கள். மாலை நேரத்தில் திறந்த தளத்தில் உட்கார்ந்தால் இரு கண்டங்களின் கரையும் தெரியும்.

எச்சரிக்கை இரண்டு. காலணி மெருகேற்றுபவர் உங்கள் முன்னால் பிரஷைத் தவறவிட்டுப் போவார். எடுத்துக் கொடுத்தால் நன்றிக்கென்று பாலிஷ் போட்டுவிட்டுப் பிறகு பெரிய தொகை கேட்பார். பேச்சுக் கொடுத்து நண்பராகி, ‘வா, ஒரு கடைக்குப் போகலாம்’ என்று இரவில் கூட்டிப்போகிறவரையும் தவிருங்கள். மற்றபடி நள்ளிரவிலும் மக்கள் நடமாடும் ஊர் இது.

புர்சா: 2 இரவுகள்

இஸ்தான்புல்லிலிருந்து மர்மரா கடலைப் படகில் கடந்து முதான்யா துறைமுகம் வழியாகப் போகலாம், பேருந்திலும் போகலாம். சுமார் மூன்று மணி நேரம். 1326இல் ஒட்டோமான்கள் கைப்பற்றித் தங்கள் முதல் பெரிய தலைநகராக்கிய ஊர் இது. பட்டு வணிகம் நடந்த கோசா ஹானின் முற்றத்தில் இன்றும் பட்டுத் துணி விற்கிறார்கள். மரத்தடியில் தேநீர் குடிக்கலாம்.

பக்கத்திலேயே உலு ஜாமி, 20 குவிமாடங்கள் கொண்ட பெரிய பள்ளி. பொதுவாக முற்றத்தில் இருக்கும், தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்யும் நீரூற்று இங்கே பள்ளிக்குள்ளேயே இருக்கிறது. கண்ணாடி மூடிய குவிமாடத்திலிருந்து வெளிச்சம் நேராகத் தண்ணீரில் விழும். சுவர்களிலும் தூண்களிலும் ஆளுயரத்துக்கு அரபு எழுத்துகள். தண்ணீர்ச் சத்தத்தோடு ஓதும் சத்தமும் சேர்ந்து கேட்கும்.

பலரும் விட்டுவிட்டுப் போகும் இடம் முராதியே. சுல்தான்களும் இளவரசர்களும் அடங்கிய தோட்டம் அது. 1451இல் இறந்த இரண்டாம் முராதின் கல்லறைக்கு மேலே குவிமாடத்தின் நடுவில் திறப்பு விட்டிருக்கிறார்கள். தன் கபுரின்மேல் மழை விழ வேண்டும் என்பது அவர் விருப்பம். கபுரிலும் பளிங்கு மூடியில்லை, வெறும் மண்தான். ஒரு பேரரசை ஆண்டவர் இப்படிக் கேட்டிருக்கிறார் என்பதற்காகவே அங்கே போக வேண்டும் என்பேன்.

மறுநாள் காலை, உலுதா மலையடியில் இருக்கும் ஜுமாலிகிசிக் கிராமத்துக்கு டோல்முஷ் எனப்படும் ஷேர் வேனிலோ நகரப் பேருந்திலோ போய்வரலாம். புர்சாவோடு சேர்த்து 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற ஊர். கல்பாவிய தெருக்கள், மஞ்சளும் நீலமும் பூசிய மர வீடுகள். வார இறுதியில் உள்ளூர்க் கூட்டம் மொய்க்கும், வாரநாளில் போங்கள்.

வழியும் சாப்பாடும்

புர்சாவிலிருந்து கோன்யாவுக்கு நேர்ப் பேருந்தில் போனால் பகல் முழுவதும் போய்விடும். பேருந்தில் எஸ்கிஷெஹிர் வரை போய் அங்கிருந்து அதிவேக ரயில் பிடித்தால் களைப்பு குறைவு. ரயிலுக்கு முன்பதிவு அவசியம்.

துருக்கியின் தொலைதூரப் பேருந்துகள் வசதியானவை. உதவியாளர் வந்து தேநீரும் பிஸ்கட்டும் தருவார். சில பேருந்துகளில் உள்ளங்கையில் எலுமிச்சை மணக்கும் கொலோனும் ஊற்றுவார்கள். தனியாகப் போகும் பெண்ணுக்குப் பக்கத்தில் அறியாத ஆணுக்கு இடம் தரமாட்டார்கள். சீட்டு எடுக்கும்போதே ஆணா பெண்ணா என்று கேட்பதும் இதற்காகத்தான். கடவுச்சீட்டு எண் கேட்பார்கள். ஓட்டோகார் என்ற பேருந்து நிலையம் ஊருக்கு வெளியே இருக்கும். ஊருக்குள் போகச் ‘சர்விஸ்’ என்ற சிறு வண்டி உண்டா என்று இறங்கும் முன்பே கேளுங்கள்.

சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டியதில்லை. லோகாந்தா எனப்படும் சாதாரண உணவகங்களில் சமைத்த பண்டங்களைத் தட்டுகளில் பரப்பி வைத்திருப்பார்கள், கையைக் காட்டி வாங்கலாம். பருப்பு சூப்பான மெர்ஜிமெக், தக்காளியும் முட்டையும் சேர்ந்த மெனெமென், பாலாடைக்கட்டியோ கீரையோ வைத்துச் சுடும் கோஸ்லெமே, ஆலிவ் எண்ணெயில் சமைத்த கத்திரிக்காய், பீன்ஸ் எல்லா ஊரிலும் கிடைக்கும். கண்ணுக்குத் தெரியாத சிக்கல் சூப்பிலும் சோற்றிலும்தான். சிலர் கோழி அல்லது எலும்புச் சாறு ஊற்றிச் சமைப்பார்கள். ‘எத்சிஸ்’ என்றால் இறைச்சி இல்லாதது, இந்த ஒரு சொல்லைப் பழகிக்கொள்ளுங்கள். ஐரான் என்பது நம் மோர்தான், கொஞ்சம் கெட்டியாக, உப்புப் போட்டு.

கோன்யா: 2 இரவுகள்

சூஃபிக் கவிஞர் மௌலானா ஜலாலுத்தீன் ரூமி 1273 டிசம்பர் 17 அன்று மறைந்த ஊர். நீலப்பச்சை ஓடு பதித்த கோபுரத்தின் கீழே அவர் அடங்கியிருக்கிறார். 1925இல் தர்வேஷ்கள் எனப்படும் சூஃபித் துறவிகளின் மடங்களைத் துருக்கிக் குடியரசு சட்டம் போட்டு மூடியது. அதன்பின் இந்த இடம் அருங்காட்சியகமாயிற்று. அனுமதி இலவசம். வாசலில் தரும் பிளாஸ்டிக் உறையைக் காலணிமேல் மாட்டிக்கொண்டு உள்ளே போக வேண்டும்.

பலகை அருங்காட்சியகம் என்று சொன்னாலும், உள்ளே வருகிறவர்களில் பெரும்பாலோர் ஜியாரத்துக்கு வருகிறார்கள். பொன்னிழை வேலை செய்த துணி போர்த்திய பேழைகள், தலைமாட்டில் பெரிய தலைப்பாகைகள். ரூமியின் பேழைக்கு முன் கையேந்தி ஃபாத்திஹா ஓதுகிறவர்களுக்குப் பக்கத்தில் செல்ஃபிக்கு நிற்காதீர்கள். கூட்டம் குறைந்திருக்கும் காலை முதல் மணி நேரம்தான் இங்கே நல்லது. ஊருக்குள் இருக்கும் ஷம்ஸ் தப்ரேஸின் நினைவிடம் சிறியது, அமைதியானது. ரூமியைப் பாடல்களின் பக்கம் திருப்பிவிட்ட அந்த நண்பரையும் பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

ஸமா எனப்படும் சுழல் வழிபாட்டைக் காண மௌலானா பண்பாட்டு மையத்தில் பெரும்பாலும் சனிக்கிழமை மாலை வாய்ப்புண்டு. கோன்யா இரவுகளில் ஒன்று சனிக்கிழமையாக அமையும்படி திட்டமிடுங்கள். டிசம்பர் 17 வரை நடக்கும் ஷெபி அரூஸ் என்ற ரூமி நினைவு விழா நாட்களில் போவதென்றால் விடுதியும் சீட்டும் பல வாரங்களுக்கு முன்பே வேண்டும். தர்வேஷ்களின் உயரமான தொப்பி கல்லறைக் கல்லையும் வெள்ளைப் பாவாடை இறந்தவரைப் போர்த்தும் கஃபன் துணியையும் குறிக்கும். கறுப்பு மேலங்கியைக் கழற்றி வைத்துவிட்டு, வலக்கையை மேல்நோக்கியும் இடக்கையைக் கீழ்நோக்கியும் விரித்துச் சுழல்வார்கள். முடிவில் குர்ஆன் ஓதுவார்கள். இது வழிபாடு, கைதட்டக் கூடாது. ஹோட்டல்களில் சாப்பாட்டோடு காட்டும் சுழல் நடனத்துக்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.

மீதிப் பகலில் கராத்தாய் மதரஸாவைப் பாருங்கள். 1251இல் கட்டியது, குவிமாடத்தின் உட்புறம் முழுக்கக் கருநீல ஓடுகள். தொல்லியலில் ஆர்வமிருந்தால் காரமர்த்திச் சதால்ஹோயுக் போகலாம். 9,000 ஆண்டுப் பழைய குடியிருப்பு. வீடுகளுக்கிடையே தெரு கிடையாது, கூரை வழியாக ஏணியில் இறங்கித்தான் வீட்டுக்குள் போயிருக்கிறார்கள்.

கப்படோக்கியா: 3 இரவுகள்

கோன்யாவிலிருந்து கப்படோக்கியாவின் பெரிய ஊரான நெவ்ஷெஹிருக்குப் பேருந்தில் மூன்றரை மணி நேரம் ஆகலாம். காரில் போனால் வழியில் சுல்தான்ஹானியில் இறங்குங்கள். 1229இல் செல்ஜுக் சுல்தான் அலாவுதீன் கைகுபாத் கட்டிய வணிகச் சத்திரம் அது. நுழைவாயிலின் கல் வேலைப்பாட்டைப் பார்க்கவே அரை மணி நேரம் வேண்டும். பேருந்தில் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சீட்டில் கப்படோக்கியாவின் சுற்றுலா ஊரான கோரெமே என்று இருந்தாலும் சில வண்டிகள் நெவ்ஷெஹிரிலேயே இறக்கிவிடும். அங்கே வந்து பேசும் தரகர்களிடம் சுற்றுலா எதையும் பதியாமல், சர்விஸ் வண்டியையோ உள்ளூர்ப் பேருந்தையோ பிடித்து ஊருக்குள் போங்கள்.

எர்ஜியஸ், ஹசன் ஆகிய எரிமலைகள் கக்கிய சாம்பல் இறுகி மென்மையான பாறையானது, அதை மழையும் காற்றும் அரித்து, இங்கே எங்கும் நிற்கும் பாறைக் கூம்புகளாக்கின. மென்மையான பாறை என்பதால் மனிதர்கள் வீடும் கிறித்தவக் கோயிலும் குடைந்தார்கள்.

வெப்பக்காற்றுப் பலூனில் ஏறும் எண்ணமிருந்தால் முதல் விடியலுக்கே பதியுங்கள். காற்று சரியில்லையென்றால் விமானப் போக்குவரத்து அதிகாரிகள் எல்லாப் பலூன்களையும் நிறுத்திவிடுவார்கள். கடைசி நாளில் வைத்துக்கொண்டால் மறுவாய்ப்பு இருக்காது. விலை பருவத்துக்குப் பருவம் மாறும், நிறுத்தினால் பணம் திருப்பித் தருவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். பணம் செலவழிக்க மனமில்லாதவர்கள் கோரெமேக்கு மேலே இருக்கும் குன்றில் விடியுமுன் போய் நிற்கலாம். தரையிலிருந்து பார்ப்பதும் குறையொன்றுமில்லை.

கோரெமே திறந்தவெளி அருங்காட்சியகத்தில் 10 முதல் 12ஆம் நூற்றாண்டு வரையிலான பாறைக் கோயில்கள் இருக்கின்றன. இருட்டுக் கோயில் எனப்படும் கரன்லிக் கிலிசேக்குத் தனிக் கட்டணம், கட்டாயம் கொடுங்கள். ஜன்னல் குறைவாக இருந்ததால் வெளிச்சம் படாமல் ஓவியங்களின் நிறம் அப்படியே நிற்கிறது. வெளியே வந்ததும் சீட்டைக் கசக்கிப் போட்டுவிடாதீர்கள். சாலையோரம் சற்றுக் கீழே இருக்கும் தோகாலி கோயிலுக்கும் அதே சீட்டுத்தான். அங்கிருக்கும் ஆழ்ந்த நீலத்தை இந்தப் பகுதியில் வேறெங்கும் பார்க்க முடியாது. பலர் தெரியாமல் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

தெரின்குயு நிலத்தடி ஊர் சுமார் 85 மீட்டர் ஆழம் இறங்குகிறது. எதிரிகள் வந்தால் உள்ளிருந்து உருட்டி மூடும் வட்டக் கல் கதவுகளை இன்றும் பார்க்கலாம். குனிந்தபடியே நடக்க வேண்டிய சுரங்கங்கள். மூச்சுமுட்டும் பயம், முழங்கால் வலி உள்ளவர்கள் இறங்க வேண்டாம். இஹ்லாரா பள்ளத்தாக்கில் ஏறக்குறைய 400 படி இறங்கினால் மெலெந்திஸ் ஓடை. கரையோரம் நடந்து பெலிசிர்மா சேர்ந்தால் ஓடைமேல் போட்ட மேடைகளில் உட்கார்ந்து சாப்பிடலாம். இன்னொரு மாலையில் ரோஜாப் பள்ளத்தாக்கில் நடங்கள், தண்ணீரும் டார்ச்சும் கையில் இருக்கட்டும்.

திரும்ப நெவ்ஷெஹிர், கைசேரி என இரண்டு விமான நிலையங்கள். கைசேரியிலிருந்து இஸ்தான்புல்லுக்கு விமானங்கள் அதிகம்.

இன்னும் 5 நாள் இருந்தால்

தென்கிழக்கே ஷன்லிஉர்ஃபாவுக்கும் மார்தினுக்கும் போங்கள். உர்ஃபாவில் இப்ராஹீம் நபியின் பெயரோடு சேர்ந்த குளமும் குகையும் இருக்கின்றன. குளத்து மீன்களை யாரும் பிடிப்பதில்லை, தீனி போடலாம். பழைய கல்தூண்கள் நிற்கும் கோபெக்லி தெபே என்ற தொல்லியல் தளத்துக்குப் போகும் முன் நகரத்துத் தொல்லியல் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிடுங்கள். 11,000 ஆண்டுக்கும் மேலான அந்தக் கல்தூண்களை மேட்டில் நின்று தூரத்திலிருந்துதான் பார்க்க முடியும். அருங்காட்சியகத்தில் அவற்றின் அளவு புரிந்துவிடும். 2023 பிப்ரவரி நிலநடுக்கம் இந்தப் பகுதியைப் பலமாகத் தாக்கியது. தெற்கே இருக்கும் அந்தாக்யாவின் பழைய நகரம் பெரும்பாலும் இடிந்துபோயிற்று. அதைத் திட்டத்தில் சேர்க்க நினைப்பவர்கள் இப்போது என்ன திறந்திருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போங்கள்.

மார்தின் மலைச்சரிவில் அடுக்கடுக்காக ஏறும் மஞ்சள் கல் ஊர். அருகே தெய்ருல் சஃபரான் மடம், 1932 வரை சிரியன் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் தலைமைப்பீடம். அங்கிருந்த கடைசிப் பாத்ரியார்க்கர், அதாவது திருச்சபைத் தலைவர், இக்னாத்தியஸ் மூன்றாம் எலியாஸ் மார்தினில் பிறந்தவர். கேரளத் திருச்சபையின் பிளவைத் தீர்க்க வந்து, 1932இல் பத்தனம்திட்டா அருகே மஞ்ஞினிக்கரையில் இறந்து அங்கேயே அடக்கமானார். மடத்தில் தனியாகச் சுற்ற விடமாட்டார்கள், குழுவாகக் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். நண்பகலில் மூடுவார்கள் என்பதால் காலையிலேயே போய்விடுங்கள். மார்தினிலிருந்து இஸ்தான்புல்லுக்கு நேர் விமானம் உண்டு. வீடு திரும்பும் விமானத்தை அதே நாளில் வைக்காமல், இஸ்தான்புல்லில் ஓர் இரவு இடைவெளி விட்டுச் சீட்டு எடுங்கள்.